பைக்குள் இருந்த கறுப்பு பெல்ட்

கராத்தே போட்டிக்கு வந்த மெஹருன்னிசாவின் இடுப்பில் கறுப்பு பெல்ட் விறைப்பாக நின்றது. "என்னைப் பார்த்தாலே எதிராளிக்குக் கை கால் உதறும்" என்றது அது, போட்டியாளர்களுக்குப் பொதுவாக மேஜைமேல் கிடந்த பழைய சிவப்பு பெல்ட்டிடம்.



போட்டியில் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் மோதும் இருவரில் ஒருவருக்குச் சிவப்பு பெல்ட், மற்றவருக்கு நீலம். அதுதான் விதி. மெஹருன்னிசா கறுப்பை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, சிவப்பைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

பைக்குள் ஒரே இருட்டு. அடி விழும் சத்தமும் கைதட்டலும் மட்டும் கேட்டன.

உதடு கிழிந்து, ஜெயித்துத் திரும்பினாள். பரிசு வாங்க மேடையேறும்முன் மறுபடியும் கறுப்பைக் கட்டினாள்.

"பார்த்தாயா, ஜெயித்துவிட்டேன்" என்றது அது.

"ரொம்ப சந்தோஷம்" என்றது வியர்வையில் நனைந்திருந்த சிவப்பு பெல்ட். அதற்குள் அடுத்த பெண் அதை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.