கறை படிந்த டீப்பாய்

பழைய மரச்சாமான் கடையில் நல்ல நல்ல டீப்பாயையெல்லாம் விட்டுவிட்டு, மேலெல்லாம் டம்ளர் வட்டமும் கறையுமாக இருந்த ஒன்றின் முன்னால் போய் நின்றாள் மனைவி.

"இதுவா?" அவன் முகம் சுளித்தான்.

"இதுதாங்க."

கடைக்காரர் குறுக்கிட்டார். "இழைச்சு பாலிஷ் போட்டுத் தரேம்மா. புதுசாட்டம் ஆயிடும்."

"வேண்டாங்க. ஒரு கறைகூடப் போகக் கூடாது."

அவன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். "உனக்கென்ன ஆச்சு? நாளைக்கு அப்பா நம்மகூடவே இருக்க வர்றார். இதைப் பார்த்தா என்ன நினைப்பார்?"

"மாமாவுக்காகத்தான் வாங்கறேன். போன தடவை கை நடுங்கி, நம்ம கண்ணாடி டீப்பாய்ல காபியைக் கொட்டிட்டார். யாரும் பார்க்கலைன்னு நினைச்சு, கைக்குட்டையால அவசர அவசரமா துடைச்சார். அன்னையிலேர்ந்துதான் காபியே விட்டுட்டேன்கறார்."

டாக்டர் சொல்லித்தான் அப்பா காபியை நிறுத்தினார் என்று அவன் நினைத்திருந்தான். கடைக்காரரிடம் திரும்பினான்.

"இதையே வண்டியில ஏத்திடுங்க."

மறுநாள் அப்பா வந்தார். சோபாவில் உட்கார்ந்து டீப்பாயைத் தடவிப் பார்த்தார். சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"காபி போட்டா எனக்கும் ஒரு வாய் போடும்மா."