பம்புக்கு அடியில் ஓர் ஓட்டை

மனைவியோடு மகளின் வளைகாப்புக்குப் போகிற வழியில், ஆளில்லாத சாலையில், தணிகாசலத்தின் பழைய கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. சூடு ஆறும்வரை காத்திருந்து பானெட்டுக்குள் தலையை விட்டார்.

“வாட்டர் பம்பு இறுகிப்போச்சு குமுதா. தண்ணி பேரிங்குல ஏறியிருக்கு. பம்புக்கு அடியில ஒரு ஓட்டை உண்டு. உள்ள சீல் போச்சுன்னா அது வழியா சொட்டும். நமக்குத் தெரியணும்னே கம்பெனிக்காரன் வச்சிருக்கான். போன வாரம்கூட சொட்டிச்சு. சொட்டுறது நின்னதும் சரியாயிடுச்சுன்னு அசந்துட்டேன். எல்லாம் என் தப்பு.”

குமுதவல்லி வளையல் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் வாசலில் நின்ற கார் தினமும் அவள் கோலத்தின்மேல் துருத்தண்ணீரைச் சொட்டியது. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது கீழே படுத்து, எங்கிருந்து சொட்டுகிறது என்று தடவிப் பார்த்து, ஓட்டைக் குடத்துக்கு வைத்ததில் மிஞ்சிய எம்-சீல் பசையை உருட்டி அடைத்திருந்தாள். மறுநாள் கோலம் கலையவில்லை. அன்று அவள் கூடுதலாக இரண்டு பூ வரைந்தாள்.

மகளிடமிருந்து மறுபடி போன் வந்தது. குமுதவல்லி எடுக்கவில்லை.

“எனக்கு அந்த ஓட்டையே கையில ஆப்புடல. உன் விரல் சின்னது, நீ விட்டுப் பாரு” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே நுழைத்தார் தணிகாசலம்.

தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகவே அங்கே போய் நின்றது.

“ஆப்புட்டுச்சா?” என்றார்.