கிழங்கு கிண்டும் பெண்கள்

முதியவர் கயிற்றைத் தாண்டிப் போய் ஓவியத்தில் கை வைத்துவிட்டார்.

எச்சரிக்கை மணி அலறியது. மரியரஞ்சனி ஓடினாள். ஒஸ்லோவின் அந்த ஓவியக்கூடத்தில் அவள் காவலுக்குச் சேர்ந்து ஐந்து மாதங்கள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியம் அது. மாலை வெயிலில் மூன்று பெண்கள் உருளைக்கிழங்கு கிண்டுகிறார்கள். கிட்டப் போனால் ஊதாவும் மஞ்சளுமாய் வெறும் தீற்றல்கள். எட்ட நின்றால் வேர்வை தெரியும். முன்னால் நிற்பவளுக்கு முகமில்லை. வளைந்த முதுகுதான்.

அந்த முதுகில்தான் முதியவரின் விரல்கள் இருந்தன.

“காலமை துவக்கம் குனிஞ்சபடி நிக்கிறா, பிள்ளை. ஒருக்கா கையைப் பிடிச்சு நிமித்தி விடன்.”

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையை மெல்ல விலக்கினாள். சுற்றி நின்றவர்கள் செல்பேசியை உயர்த்தினார்கள். மேற்பார்வையாளர் எட்வேட் வந்துவிட்டார்.

என்ன சொல்கிறார் என்று எட்வேட் கேட்டார். சொன்னாள். தெரிந்தவரா என்று கேட்டார்.

எங்கள் மொழிதான், ஆளைத் தெரியாது என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த மணிக்கட்டை இன்னும் பிடித்திருப்பதைக் கண்டாள். விட்டாள்.

எட்வேட் முதியவரிடம் திரும்பி, யாரோடு வந்தீர்கள் என்று நோர்வேஜிய மொழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அவருக்கு விளங்கிவிடக் கூடாது என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள்.

முதியவர் எட்வேட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அலேன,” என்றார். தனியாகத்தான் வந்தேன் என்று.

எட்வேட் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். படியில் தடுமாறியபோது எட்வேட்தான் தாங்கிப் பிடித்தார். அவள் தன் இடத்தில் நின்றாள்.

ஓவியத்தில் ஒரு கீறலும் இல்லை என்று சோதித்தவர்கள் சொன்னார்கள்.

மதிய இடைவேளைக்கு இன்னும் நாற்பது நிமிடங்கள் இருந்தன. அந்த நாற்பது நிமிடமும் கண்ணாடிக்கு வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது.

இடைவேளை வந்ததும் மேலங்கிகூடப் போடாமல் ஓடினாள். டிராம் தரிப்பிடத்து வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் நனைந்திருந்தன. அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

அவர் தினமும் போகும் பகல் பராமரிப்பு நிலையம் இன்றைக்குப் பூட்டு. வீட்டில் தனியே விடப் பயந்து, காலையில் அவள்தான் அவரை யாருக்கும் சொல்லாமல் கூட்டிவந்து கீழ்த்தளத்தில் இருத்தியிருந்தாள்.

“அப்பா...”

“உள்ளுக்குப் போ, பிள்ளை,” என்றார் அவர். “அவையள் கண்டா, தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சுப் போடுவினம்.”