காட்டுக்குக் கட்டிய ரிப்பன்

தேயிலைத் தோட்டத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் அமைச்சர் வந்து திறந்து வைக்காமல் அது எப்படிக் காடாகும்? பழைய கேட் இருந்த இடத்தில் ரேஞ்சர் தணிகாசலம் சிவப்பு ரிப்பன் கட்டினார். மேடையும் ஆறும் ரிப்பனுக்கு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். பிற்பகலில் தண்ணீருக்கு இறங்கி வந்த யானைக்கூட்டம், ரிப்பனைக் கண்டதும் அதன் முன்னால் வரிசையாக நின்றுவிட்டது.

"பாரும்மா, நம்ம ஆளுங்களுக்கு இல்லாத ஒழுங்கு," என்று சிரித்தார் தணிகாசலம்.

"சிரிக்காதீங்க சார். குட்டி படுத்துருச்சு. தண்ணி குடிக்காட்டி எந்திரிக்காது," என்றாள் வனக்காவலர் மாதேவி.

"அதுக்கு? ரிப்பனை நான் வெட்டினா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

அமைச்சர் வந்தார். யானைகளைப் பார்த்து உருகிப்போனார். "எனக்காகவா நிக்குதுங்க? அப்ப விரிவாவே பேசிடறேன்," என்று மைக்கைப் பிடித்து, சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தார். குட்டி கண்ணை மூடியது.

தணிகாசலம் தாம்பாளத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் ரிப்பனை வெட்டினார். பேச்சு நின்றது. தாய் யானை குட்டியைத் துதிக்கையால் அணைத்துத் தூக்கி நிறுத்தியது. கூட்டம் சத்தமே இல்லாமல் அவரைக் கடந்து ஆற்றில் இறங்கியது.

"போச்சு மாதேவி, என் வேலை," என்றபடி அவர் திரும்பினார்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்," என்றாள் அவள். "இன்னும் வருது."

யானைகளுக்குப் பின்னால் காத்து நின்ற மரங்கள், வேர்களை வேட்டி நுனியைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின.