பதினேழாம் பக்கத்துக் கடைக்காரர்

“ஜைனுதீன் நானா, திரும்பவும் பிழையா செய்றீங்க” என்றான் கலேவெல சுப்பர் மார்க்கட்டின் இளம் மேனேஜர் தனுஜன்.

வாசலில் நின்று வாடிக்கையாளரை வரவேற்பதுதான் ஜைனுதீனின் வேலை. சேர்ந்து மூன்று நாளாகிறது.

“சுகம் விசாரிச்சேனே, தம்பி.”

“ரெண்டு நிமிஷமா விசாரிச்சீங்க. பத்து செக்கன் போதும். முதல்ல வாறவங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடணும். பொறகு வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேக்கணும். கடைசியாத்தான் என்ன வேணும்னு கேக்கணும். கெம்பஸ்ல ஆராய்ச்சி செஞ்சு எழுதியிருக்காங்க.”

அவன் பயிற்சிப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தை விரித்தான். “இவரைப் பாருங்க. இவர மாதிரி பேசாட்டி உங்களை வச்சிருக்க ஏலாது.”

படத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. சிவப்பு வயரால் கட்டிய தராசு. அந்த வயரைக் கட்டியவர் ஜைனுதீன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கெம்பஸ் பிள்ளையொருத்தி மூன்று வாரம் அவர் கடையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பிளேன்டீயைக் குடித்தபடி, அவர் பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். இந்த சுப்பர் மார்க்கட் வந்த வருடமே அவர் கடையை மூடினார்.

“தம்பி, இது நான்தான்.”

தனுஜன் குனிந்து பார்த்தான். ஆராய்ச்சி வழக்கப்படி கடைக்காரரின் முகத்தைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள்.

“அவரு அனுபவசாலி, நானா” என்றான். “நீங்க இப்பதானே பழகுறீங்க.”