தேசிங்குவின் சங்கு

ரயில்களையும் ஆலைகளின் அபாயச் சங்குகளையும் சத்தத்தோடு படமெடுத்து இணையத்தில் போடுவது தேசிங்குவின் பொழுதுபோக்கு. சங்கு ஊதும் அவருடைய ஒரு பதிவை நாலு லட்சம் பேர் விரும்பினார்கள். அந்த ஒரே தகுதியைப் பார்த்து, அபாய அறிவிப்புத் துறை ஊரிலிருந்த துருப்பிடித்த சங்கைக் கழற்றிவிட்டு, கம்பத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி, அந்தப் பதிவையே அதிகாரபூர்வ எச்சரிக்கையாக்கியது.

"ஆரம்பத்துல நான் பேசறத வெட்டிடுங்க சார்" என்றார் தேசிங்கு.

"ஒப்புதல் வாங்கின பதிவு. அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் இணை இயக்குநர்.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் ஆலையில் விஷவாயு கசிந்தது. கம்பம் உரிய நேரத்தில் முழங்கியது: "வணக்கம் மக்களே, இப்ப சங்கு ஊதப்போவுது, பின்னாடியே கூட்ஸ் வண்டி வருது. லைக் போட்டுடுங்க."

தெருவே சிரித்தது; பின்னால் ஊதிய சங்கையும் யாரும் சட்டை செய்யவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு வேற வேல இல்ல" என்று தேசிங்குவின் மனைவி அஞ்சலாட்சி துணி காயப்போட்டுக்கொண்டே நின்றாள்.

இப்போது அவளுக்குக் குழாய் வழியாகத்தான் மூச்சு. ஆஸ்பத்திரிக்கே வந்த இணை இயக்குநர் ஒரு தாளை நீட்டினார்.

"சங்கு ஊதுச்சுன்னு ஒரு கையெழுத்து. உங்க குரல்தானே?"

"உள்ள கெடக்கறவள வந்து பாரு, அப்பறம் கேளு."

"அவங்க எச்சரிக்கைய மீறினவங்க. வழக்குப் போடாம பெருந்தன்மையா விட்டிருக்கோம்."

தேசிங்கு கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இத உன் பேரு, பதவியோட சொல்லு."

இணை இயக்குநர் காலரைச் சரிசெய்துகொண்டு அத்தனையும் சொன்னார். பெருந்தன்மையை மட்டும் இரண்டு முறை சொன்னார்.