வேறு ரூட்

கண்டக்டர் வேலை பார்க்கும் அவள், வேறு ரூட் கேட்டு மனுக் கொடுத்த மூன்றாம் நாள், அதே டிப்போவில் மெக்கானிக்கான கணவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

"ரூட் மாத்தச் சொல்லிக் கேட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார் சொன்னா?"

"உன் புது டிரைவர்தான். 'என்மேல ஏதாவது கோபமா'ன்னு கேட்டான், மூஞ்சியே வாடிப்போச்சு. இவ்வளவு தங்கமான டிரைவரும், சீக்கிரம் வீடு திரும்புற ரூட்டும் உனக்கு வேற எங்க கிடைக்கும்? நான் விடுவேனா? மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, மனுவைக் கிழிக்க வச்சுட்டேன். இந்த வருஷம் பூரா நீங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்தான்!"

"எதுக்குங்க இதெல்லாம்?"

"பதினோரு வருஷத்துல உனக்குன்னு நான் வேற என்ன செஞ்சிருக்கேன்?"

பஸ் கண்ணாடியில் அந்த டிரைவரின் கண்களைத் தேடாமல் இருக்கத்தான், இரண்டு மாதம் மனசோடு மல்லுக்கட்டி அந்த மனுவை எழுதியிருந்தாள். இன்னொரு முறை எழுத அவளுக்குத் தெம்பில்லை.

மனசும் இல்லை.